சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்ன டாக்டரம்மாவுக்கு

அஞ்சாத நெஞ்சும் அவசரப்படாத விரலும் கொண்ட எங்கள் தலைமைக் கண் மருத்துவரே!

இன்று ஓய்வு பெறும் உங்கள் பணிக்காலத்தை அளக்க எங்களுக்கு ஒரே ஒரு கண் போதும்.

நம்மிடம் வந்த ஒரு முடிதிருத்துபவருக்குப் பார்வை இருந்தது வலக்கண்ணில் மட்டும். அதில் புரை நீக்கி லென்ஸ் பொருத்தியவர் நீங்கள். சில வாரங்களில் கண் சிவந்தது. அழற்சி தணிக்கும் சொட்டு மருந்தில் தெளிந்தது, மருந்தைக் குறைத்ததும் சிவந்தது, கூட்டியதும் தெளிந்தது. நாங்கள் நிம்மதியடைந்தோம். நீங்களோ மருந்தை நிறுத்தச் சொன்னீர்கள்.

"நல்லாத் தெரியுதுங்கிறாரே, அப்புறம் ஏம்மா?" என்றார் அவர் மனைவி.

நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுவது அரிது; புகுந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே வலியோடு தெரிந்துவிடும். அதைவிட அரிதான ஒரு பாக்டீரியா, லென்ஸ் அமர்ந்திருக்கும் மெல்லிய பைக்குள் பதுங்கி மெல்ல வளரும். சொட்டு மருந்து சிவப்பை அடக்கும், கிருமியைக் கொல்லாது. அடக்குவதை நிறுத்தினால்தான் அது முகம் காட்டும்.

காட்டியது. லென்ஸின் பின்னே வெண்திட்டு ஒன்று படர்ந்தது. கண்ணுக்குள்ளிருந்து நீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்தினீர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டில் எதுவும் முளைக்கவில்லை.

"தூக்கிப் போட்டுடாதீங்க. அது சோம்பேறி, எழுந்திருக்க நேரம் குடுங்க" என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னீர்கள்.

இரண்டாம் வாரம் அது எழுந்தது. கண்ணிலோ திட்டு கரையவில்லை. நீங்களே வைத்த லென்ஸை, பையோடு நீங்களே எடுக்க வேண்டியதாயிற்று.

"முடி வெட்டி முடிச்சு நாற்காலிய விட்டு எழுந்து போன தலைய நானே திரும்ப உக்கார வெக்க மாட்டேன், டாக்டரம்மா. எடுத்தா பார்வை போயிடுமா?" என்றார் அவர்.

"போகலாம். எடுக்கலன்னா போயிடும்."

அவர் மேசையில் படுத்தார். அன்று அரங்கில் எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது. நீங்கள் லென்ஸையும் பையையும் எடுத்தீர்கள்; பார்வை தங்கியது. இன்று அவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாகத் தடித்த கண்ணாடியோடு, இந்த விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். எங்கள் மருந்தாளரின் வழித்த முகம் அவர் கைவேலை.

இப்போது உங்கள் இடக்கண்ணில் புரை. வேறெங்கும் போகாமல் எங்கள் மேசையிலேயே படுப்பதாகச் சொல்லிவிட்டீர்கள். அதைக் கேட்ட நாள் முதல் அரங்கில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

நலமும் வளமும் நிறைந்து, தெளிந்த பார்வையோடு நெடுநாள் வாழ்க! ஆனால் அறுவை முடிந்து "நல்லாத் தெரியுது" என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டோம். சொட்டு மருந்து நின்ற பிறகும், நாங்கள் போதும் என்னும்வரை, வந்து கண் பரிசோதனை விளக்கின் முன் தாடையை வைத்தாக வேண்டும்.

என்றும் உங்கள் கண்காணிப்பில் வளர்ந்த,
அறுவை அரங்கு, ஆய்வுக்கூடம், மருந்தகப் பணியாளர்கள்