சீட்டு தேஞ்சிடும்மா

...அதெல்லாம் இந்த சீட்டுக் கடை மாஸ்டர் சும்மா சொல்றார் தம்பி. சீட்டுக் கீறல்ல கலர் பிடிக்கலயாம். தோல் மேல ஏற்கெனவே எதையோ தடவியிருக்காங்களாம். எங்க வீட்டுக்காரர் கார் சீட்டுல கண்டதைத் தடவுற ஆளா? ஈரத்துணி வச்சுத் துடைக்கவே நாலு தடவை யோசிப்பார். இந்த மாஸ்டர் எனக்கு வேலை வரலன்னு சொல்லிட்டுப் போகட்டுமே, நான் வேற கடை பாத்துக்கறேன். காபிக் கலர்னு ஒண்ணு பூசினார், சாக்லேட்டுன்னு ஒண்ணு பூசினார், ரெண்டும் வழிஞ்சு வந்துடுச்சு. இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்னு உள்ள போனவர்தான், ஆளையே காணோம்.

நீங்க ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? பைக் சீட்டு தைக்கக் குடுத்திருக்கீங்களா? அப்ப நேரமாகும். இதுலயே உக்காருங்க. காருலேருந்து கழட்டி வச்சதுதானே, சீட்டுன்னா உக்காரத்தானே. கீறல் அந்த ஓரத்துல இருக்கு, அதுல மட்டும் படாம... ஆங், அப்படித்தான். நல்லா சாஞ்சுக்குங்க. வெயில் வேற கொளுத்துது. எங்க வீட்டுல இந்த சீட்டுல உக்கார ஒருத்தருக்கும் கொடுப்பினை கிடையாது, தெரியுமா?

ஒரிஜினல் தோல் தம்பி. கார் வாங்கினப்ப கூடவே வந்தது. ஒரிஜினல், ஒரிஜினல்னு கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி குடுக்கறதுக்கு முன்னாடி காரைக் காட்டுவார். எட்டி நின்னு பாக்கணும், தொடக் கூடாது. என் தம்பி ஒருதடவை பின் பாக்கெட்டுல சாவிக் கொத்தோட இதுல உக்காந்துட்டான். அன்னையிலேருந்து மாமனும் மச்சானும் பேசிக்கறது பாதிதான், மீதிக்கு நான் நடுவுல நின்னு சொல்லணும்.

ஞாயித்துக்கிழமை ஆனா காலையில காருக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவார். ஒரு மணி நேரம் சத்தமே வராது. என்ன பண்றீங்கன்னு கேட்டா, 'பராமரிப்பு'ன்னு ஒத்தை வார்த்தை. அந்த அக்கறையில கால்வாசியைப் போட்டிருக்கற பேன்ட்டு மேல காட்டலாம்ல? எந்தப் பேன்ட்டை எடுத்தாலும் பின்பக்கம் கறை. சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு என் உள்ளங்கை போச்சு. ஆபீஸ் கேன்டீன் பெஞ்சுல உக்காந்து வாங்கிட்டு வரார், வேற எங்க? சேர்த்து வைக்கற புத்தி வேற. வருஷம் பூரா செருப்புதான் போடுறார், ஆனா அலமாரியில ஷூ பாலிஷ் டப்பா அடுக்கி வச்சிருக்கார். எதுக்குங்கன்னா, 'இருக்கட்டும்'ங்கறார். எதைத்தான் இவர் தூக்கிப் போட்டிருக்கார்.

எங்க விட்டேன்... ஆங், சீட்டு. கல்யாணம் ஆன புதுசுலேருந்து கேக்கறேன், எனக்கும் கார் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு. கோபப்பட மாட்டார். நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லணும். மெதுவா, பதமா, 'சீட்டு தேஞ்சிடும்மா'ம்பார். சீட்டு தேயக் கூடாதாம். நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டே தேயலாம்.

அதான் அவருக்குத் தெரியாம டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேன். லைசென்ஸ் மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. போன வாரம் அவர் அக்கா வீட்டுக்குப் போனார், நான் சாவியை எடுத்தேன். இன்னைக்கு சாயங்காலம் ரயில்ல வரார். ஸ்டேஷன் வாசல்ல நானே காரைக் கொண்டு போய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 'வாங்க, ஏறுங்க'ன்னு சொல்லணும். அவ்வளவுதான் தம்பி என் ஆசை. நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பாத்துட்டேன்.

கீறல் எப்படி விழுந்துச்சுன்னு கேக்கறீங்க. கேக்கலயா? முகத்தைப் பாத்தா கேக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு உயரம் பத்தாது, சோபா தலைகாணியைப் போட்டு அது மேல உக்காந்துதான் ஓட்டினேன். இறங்கறப்ப தலைகாணியோட ஜிப்பு சரக்குன்னு இழுத்துடுச்சு. உறை தைச்சது நான்தான், ஜிப்பை அடிப்பக்கமா வச்சதும் நான்தான். சரி, ஒத்துக்கறேன். ஆனா சீட்டை இவ்வளவு பள்ளமா அமுக்கி வச்சது யாரு?

திட்டுனா வாங்கிக்குவேன். 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. அதையும் அந்தப் பதமான குரல்லயே சொல்வார். சொல்லிட்டார்னா அப்புறம் இந்த ஜென்மத்துல நான் ஸ்டியரிங்கைத் தொட்ட மாதிரிதான்.

என்ன எந்திரிச்சிட்டீங்க? வண்டி ரெடியா? இருங்க... தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க. கொஞ்சம் திரும்புங்க. அந்தப் பக்கம். அடக் கடவுளே. வெள்ளைப் பேன்ட்டா வேற போட்டுட்டு வந்திருக்கீங்க.

இருங்க. இந்தக் கறை எனக்குத் தெரியுமே.

இதே இடம். இதே கலர். எத்தனை பேன்ட்டுல தேச்சிருக்கேன். அய்யோ பாவம், அந்தக் கேன்டீன் பெஞ்சை என்னென்ன திட்டியிருக்கேன்... பராமரிப்பாம்ல பராமரிப்பு. செருப்புக் கால் மனுஷனுக்கு எதுக்கு பாலிஷ் டப்பான்னு ஒருநாள் யோசிச்சிருப்பேனா நான்? சீட்டு எப்பவோ தேஞ்சிருக்கு தம்பி. என்கிட்ட சொல்ல மனசு வராம, வாராவாரம் கதவைச் சாத்திக்கிட்டு ஷூ பாலிஷ் போட்டிருக்கார். சிரிப்பா வருது எனக்கு. கோபமும் வருது.

மாஸ்டர், வெளிய வாங்க. உங்களைத் தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. கலரையெல்லாம் மூடி வைங்க, சீட்டை அப்படியே கார்ல மாட்டுங்க. பக்கத்துக் கடையில ஷூ பாலிஷ் கிடைக்குமா? பழுப்புக் கலர். எந்த டப்பான்னு எனக்குத் தெரியும். ரெண்டு தேய் தேச்சா கீறல் இருந்த இடமே தெரியாது, அவர் சீட்டுக்கு அவர் கலரை விட மேட்ச் எது இருக்கு?

தம்பி, அந்தப் பேன்ட்டைக் குடுத்துட்டுப் போங்க, நான் துவைச்சுத் தரேன். இந்தக் கறையை எடுக்க என்னை விட்டா... தம்பி? இப்ப இங்கதானே நின்னார். சட்டையை வெளிய எடுத்து விட்டுக்கிட்டு ஓடுறதைப் பாருங்க மாஸ்டர்.

சரி, சீக்கிரம் மாட்டுங்க, ரயில் வந்துடும். மிச்ச பாலிஷைக் கீழ போட மாட்டேன், பக்கத்து சீட்டுலயே வச்சுக்கிட்டுப் போறேன். 'வாங்க, ஏறுங்க'ன்னு சொல்வேன். சீட்டு தேஞ்சிடும்மான்னு வாயைத் திறக்கட்டும், டப்பாவைத் தூக்கி அவர் மடியில வைக்கறேன்.