மெஹிடபெல் என்று கூப்பிட்டவள்

மாலை நாலரை மணி. நவம்பரில் எங்கள் கனெக்டிகட் பக்கம் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மூடிக் கிடக்கும் பழைய ஆலையைத் தாண்டி, காட்டுக்குள் போகிற ஒரு மண் சாலை... இரண்டு பக்கமும் சரிந்த கல்வேலி. எதிரே ஒரு வண்டி கிடையாது.

சிரிக்காதீர்கள். முதலில் கரண்ட் வரட்டும், அப்புறம் சிரிக்கலாம். அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டு இப்படிக் கிட்டே வாருங்கள். இது என் நண்பன் வெண்டலின் சித்தி மகள் கோரினுக்கு நடந்தது.

கோரினுக்குப் பூர்வீகப் பைத்தியம். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் எங்கள் பாட்டன் இங்கிலாந்திலிருந்து முதல் கப்பலில் வந்தவன் என்பார்கள். அத்தனை பேரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் கரையிலேயே முழுகியிருக்கும். ஆனால் கோரின் வாய்ச்சவடால் பேர்வழி அல்ல. அம்மா, அம்மாவின் அம்மா என்று பின்னாலேயே போய், கடல் தாண்டி வந்து இங்கே காடு வெட்டிய குடும்பத்தின் மகள் ஒருத்தியைக் கண்டுபிடித்தாள். மெஹிடபெல். கரு கலைந்து கலைந்து கடைசியில் பிறந்த தன் பெண் குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்தாள்.

“முன்னூறு வருஷமா உங்க வீட்ல ஒருத்தர்கூட அந்தப் பேரை வைக்கலயே, ஏன்னு யோசிச்சியா?” என்றான் கணவன் ரஸ். “பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லியே பிள்ளையை அழ வச்சிருவானுங்க.”

“உனக்குத் தாத்தாவுக்கு மேல பேரே தெரியாது. நீ பேசாதே.”

அன்று குழந்தையோடுதான் அந்த மண் சாலைக் கோடியில், அந்தக் குடும்பத்தைப் புதைத்த பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். குழந்தை காரில் தூங்கியது. கூப்பிடு தூரம்தான். தண்ணீர் ஊற்றிப் பாசியைத் தேய்த்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் சாய்ந்த வெயிலைக் கல்லின் மேல் திருப்பினாள். தேய்ந்த எழுத்து அப்படித்தான் தெரியும்.

முழங்கால் உயரத்தில் நாலு சின்னக் கல். முதல் கல்லில், மெஹிடபெல். அடுத்ததில்... மெஹிடபெல். அதற்கடுத்ததிலும். நாலாவதிலும்.

அந்தக் காலத்து வழக்கம் அது. ஒரு குழந்தை போய்விட்டால், அடுத்துப் பிறப்பதற்கும் அதே பெயர். கோரினுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் முதல் கல்லுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றாக விரலால் தடவிப் படித்தாள். பக்கத்தில் அந்தத் தாயின் கல். அவள் பெயர் இருந்த இடம் உதிர்ந்து போயிருந்தது. ஐந்தாவது மெஹிடபெலைப் பச்சை மண்ணாக விட்டுவிட்டுச் செத்தாள் என்பது மட்டும் மிச்சம். அந்த ஐந்தாவதுதான் பிழைத்தது. கோரின் அதன் வழி வந்தவள். பிழைத்த ஒன்றுக்குப் பால் கொடுக்கத் தாய் இல்லை.

காரில் குழந்தை அழுதது. கோரின் திரும்பாமலே, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுத்தாள்.

“மெஹிடபெல்... மெஹிடபெல் கண்ணு... அம்மா இதோ வந்துட்டேன்டா.”

அழுகை நின்றது. தேய்ந்து அடங்கவில்லை... சட்டென்று நின்றது.

ஈரக் கம்பளி வாடை. விறகுப் புகை. அப்புறம், புளித்த பால். காருக்குள்ளிருந்து ஒரு சத்தம்... மடக்... மடக்... மடக்.

பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? ஓடினாள். கதவு பூட்டியபடி இருந்தது. குழந்தை இருக்கையின் வார் அவிழவில்லை. உதட்டோரத்தில் பால் வழிந்தது.

அன்றிலிருந்து கோரினின் மார்பில் அது வாய் வைக்கவில்லை. புட்டிப் பாலையும் தொடவில்லை. பால் கட்டி, காய்ச்சலில் கோரின் துடித்தாள். ஆனால் குழந்தைக்கு வாராவாரம் எடை ஏறியது. டாக்டர், “நல்லாத்தானே வளருது, எதுக்கு அழறீங்க?” என்றார். தினமும் பொழுது சாயும்போது, சாத்திய அறைக்குள் அந்த மடக்... மடக்.

ரஸ் பொறுக்கமாட்டாமல் கோர்ட்டுக்குப் போய்ப் பெயரை ஜேன் என்று மாற்றினான். அன்றே சத்தம் நின்றது. குழந்தையும் எதையும் விழுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள், அத்தனையும் வாந்தி. வீட்டுக்கு வந்தபோது அழுகை பூனைக்குட்டிக் குரலாகத் தேய்ந்திருந்தது.

கோரின் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“கோரி, வேண்டாம்! கூப்பிடாதே!”

“என் பிள்ளை சாகுது ரஸ்.”

கூப்பிட்டாள். பெற்ற வயிறு எரிய எரிய, இருட்டைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. கொழுகொழுவென்று இருக்கிறது. ஒவ்வொரு சாயங்காலமும் கோரின் தொட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

“ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கலயா?” என்று வெண்டல் கேட்டிருக்கிறான்.

“ஒரே ஒரு தடவை பார்த்தேன்,” என்றாளாம். “முகம் சரியாத் தெரியல. குனிஞ்சு பிள்ளையையே பார்த்துட்டு இருந்தாங்க. கதவுச் சத்தம் கேட்டதும், என் பக்கம் திரும்பாமலே... உதட்டு மேல விரலை வச்சாங்க. பிள்ளை தூங்குதாம்.”