ஜரீனா கேட்ட இரைச்சல்

குளிருக்குக் கம்பளி போர்த்தினாலும் கம்பீரம் குறையாமல் தலைமை ஏற்றிருக்கும் காபி விவசாயிகள் சங்கத் தலைவர் செல்லப்பன் ஐயா அவர்களே! செம்மநத்தத்து வளைவுகளில் பஸ் பிடித்து வந்த பெரியோர்களே! பழம் பறித்த கறை விரலில் காயுமுன்னே முன்வரிசையில் வந்தமர்ந்த தாய்மார்களே! நாகலூர்க் காபிக் கொட்டகையின் எலக்ட்ரீஷியன் ஆரோக்கியதாஸின் வணக்கம்.

மின்சாரம் என்பது என்ன? ஓர் அலை! ஏறி இறங்கி, ஒழுங்காய் ஓடிவரும் அலை. ஆனால் உலர்த்தும் விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க நாம் வாங்கிய டிரைவ் பெட்டிகள் அந்த அலையைச் சீராகக் குடிப்பதில்லை; கடித்துக் கடித்துத் தின்கின்றன. கடிபட்ட அலை கோணுகிறது. அந்தக் கோணலுக்குப் பெயர்தான் ஹார்மோனிக்ஸ். என்னங்க மாதேஷ், அதற்குள் கொட்டாவியா? கதைக்கு வந்துவிட்டேன்.

பறித்த அன்றே தோலுரிப்பது நம் வழக்கம். ஆகவே தோலுரிக்கும் பல்பர் மோட்டார்கள் மாலையில் ஓடும். அவை வீணாக இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்க நான் மாட்டியவை கெபாசிட்டர்கள். காலையில் விசிறிகளும் கொட்டை பிரிக்கும் இயந்திரமும் மட்டுமே ஓடும். அது நம் கொட்டகையில் இயந்திரம் ஓட்டும் ஜரீனாவின் ஷிப்டு.

அந்த ஷிப்டில்தான் மெயின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றது. ஒரு நாளா, இரு நாளா? ஒன்பது நாள்! விசிறி நின்றது, கொட்டையில் பூஞ்சை பூத்தது, உங்கள் உழைப்பு நாறியது. அன்று கூட்டத்தில் எழுந்து நான் என்ன சொன்னேன்? "அந்தப் பொண்ணுக்குக் கை பதமில்லீங்க" என்றேன். என் சொல்லை நம்பித் தலைவர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

போகும்போது ஜரீனா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஏனுங்கண்ணா, பல்பர் ஓடாத நேரத்துலதான் அந்தக் கெபாசிட்டர் பெட்டி நொம்ப இரையுது. ஒருக்காப் பாருங்க."

பார்த்தேனா? இல்லை! சிரித்தேன். வீங்கிய கெபாசிட்டரைக் கழற்றி, அதைவிடப் பெரியதை மாட்டினேன். ஜரீனா போன பிறகும் சுவிட்ச் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேலத்திலிருந்து அலையை அளக்கும் மீட்டர் வந்தது. பல்பர் ஓடாதபோதும் நான் அணைக்காமல் விட்ட கெபாசிட்டர்கள், ஊஞ்சலை உந்துவதுபோல் அந்தக் கோணலை உந்தி உந்திப் பெரிதாக்கியிருந்தன. அதைத் தாங்காமல்தான் சுவிட்ச் விழுந்தது. தவறு ஜரீனாவின் கையிலா? இல்லை! இயந்திரத்திலா? இல்லை! இருபது வருட அனுபவம் என்று மார்தட்டிய இந்த ஆரோக்கியதாஸின் காதில்!

கைதட்டாதீர்கள். இது தட்டும் இடமல்ல.

ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் அவர் வீட்டுக்கே போய், வேலைக்கு வரச் சொல்லித் தலைவரும் நானும் கேட்டோம். ஜரீனா நிதானமாகச் சொன்னார்: "வர்றனுங்க. ஆனா எல்லார்த்து முன்னாலயும் எம்மேல பழி போட்டீங்க. அதே எல்லார்த்து முன்னாலயும் இல்லைன்னு சொல்லோணும்."

அதற்காகவே ஏறினேன் இந்த மேடை! அந்தப் பெண் குற்றமற்றவர். குற்றம் என்னுடையது. வெட்கத்தோடு சொல்கிறேன், ஆனாலும் உரக்கச் சொல்கிறேன். கோணலை வடிகட்ட ஃபில்டர் வந்துவிட்டது. கெபாசிட்டர்கள் இனி பல்பரோடு எழும், பல்பரோடு அணையும். இந்தக் கொட்டகையில் வேலை இனி நிற்காது!

ஃபில்டரைத் தொடங்கிவைக்க வேண்டியவர் தலைவர். அவரோ கடைசி வரிசையைக் கைகாட்டுகிறார். ஜரீனா, வாங்க. சுவிட்சைப் போடுங்க.

கேளுங்கள், அவையோரே. விசிறி ஓடுகிறது. கெபாசிட்டர் பெட்டி இரையவில்லை. ஆனாலும் ஜரீனா பெட்டியில் காதை வைத்துப் பார்க்கிறார். நான் செய்திருக்க வேண்டியது அதுதான்.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. முதல் வணக்கம் சபைக்குச் சொன்னேன். இந்தக் கடைசி வணக்கம் ஜரீனாவுக்கு.