விலைக்கு நின்ற எட்டாயிரம் சுத்துக் கார்

— ஊன்ட்றொப் கோயில் அம்மாளாணை, நான் சொல்லப்போறதிலை ஒரு சொல்லும் பொய் இல்லை, பென்ஜமின். கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன். உம்மடை வேதப்புத்தகத்தைக் கொண்டு வந்தால் அதிலையும் கை வைப்பன். இந்தக் காரை மட்டும் வாங்காதையும்.

— என்ன அண்ணை இது. விக்கிறதெண்டு இன்ரநெற்றிலை போட்டதைப் பாத்துத்தானே ஆஹெனிலை இருந்து ரெயில் ஏறி வந்தனான். ரஞ்சினியக்காவும் ரெலிபோனிலை "வந்து எடுத்துக்கொண்டு போங்கோ" எண்டவ.

— போட்டது அவ. இந்த விமலநாதன் போடேல்லை.

— இஞ்சருங்கோ, குசினி யன்னல் திறந்துதான் கிடக்கு. எனக்கு எல்லாம் கேக்குது. அந்தத் தம்பியைப் பயப்பிடுத்தாமல் காரைக் காட்டுங்கோ. பொழுதுபடேக்கை இது எங்கடை முத்தத்திலை நிக்கக் கூடாது.

— காட்டிக்கொண்டுதானே நிக்கிறன், ரஞ்சினி. நீர் தேத்தண்ணியைப் பாரும்.

— அண்ணை, மனம் விட்டுச் சொல்லுங்கோ. உங்களுக்கு இதை விக்க விருப்பமில்லை. கெனாவ், சரிதானே?

— மெல்லமாக் கதையும். விருப்பமில்லை எண்டு வாயாலை சொன்னால் இரவைக்குப் புட்டும் இல்லை, சம்பலும் இல்லை. கிழமை நாள் முழுக்க எனக்குக் குளிசையும் டொக்ரரும்தான். ஞாயிற்றுக்கிழமை எண்டால் இது ஒண்டு. இதுவும் போச்செண்டால் எனக்கு எல்லா நாளும் திங்கள்தான். ஆனாலும் விக்கிறன். குறையளைச் சொல்லிச் சொல்லி விக்கிறன். கேட்டுப்போட்டு நீராத் திரும்பிப் போனால் அதுக்கு நான் பொறுப்பில்லை.

— சரி, சொல்லுங்கோ குறையை.

— முதற்குறை, கீழை இதுக்கு உயிர் இல்லை. எஞ்சின் நிமிசத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் சுத்துச் சுத்தேக்கை காஸ் மிதியை மிதிச்சால், செத்த வீட்டிலை பகிடி சொன்னமாதிரிப் பேசாமல் இருக்கும். போன கோடைக்குக் கால்வாய்ப் பாலத்திலை ஏறுறன், ஒரு தாரா குஞ்சுகளோடை நடந்து எங்களை முந்திப் போச்சு. கடைசிக் குஞ்சு நிண்டு திரும்பிப் பாத்துது, தம்பி. அந்தப் பார்வையை என்னாலை இண்டைக்கும் மறக்கேலாமல் கிடக்கு.

— தாராக் குஞ்சு.

— பொய் சொல்லி எனக்கென்ன லாபம்?

— அப்ப மேலை, அண்ணை? ஆறாயிரம் தாண்டினால்?

— மேலையோ. அதைக் கேளாதையும்.

— கேட்டிட்டன்.

— மேலை எண்டால்... ஐயாயிரத்திலை தொண்டையைச் செருமும். ஆறாயிரத்திலை தலையை நிமித்தும். ஏழாயிரம் வந்தால், முதுகுத்தண்டுக்குள்ளாலை ஆரோ வீணைக் கம்பியை இழுத்துக் கட்டினமாதிரி இருக்கும். மற்றக் கார் எல்லாம் "காணும் ராசா, கியரை மாத்து" எண்டு கெஞ்சிற இடத்திலைதான் இது "இனித்தானே தொடங்குது" எண்டும். எட்டாயிரத்திலை... உப்பிடிச் சிரியாதையும். நான் குறைதான் சொல்லிக்கொண்டு நிக்கிறன்.

— நல்லாத்தான் குறை சொல்லுறியள்.

— உமக்கு உது சரிவராது. நீர் டேர்போக் கார் ஒண்டைப் பாரும்.

— அண்ணை, நான் ஆஹெனிலை பஸ் ஓடுறனான். பதினெட்டு மீற்றர் நீளம், நடுவிலை மடியிற பஸ். டேர்போ டீசல். காலமை தொடக்கம் டேர்போவிலைதான் இருக்கிறன். மிதிச்சால் தள்ளும், மேலை கொண்டுபோனால் மூச்சு விட்டிடும். எனக்கு அது காணும்.

— பஸ் வேறை, ஸ்போர்ட்ஸ் கார் வேறை. டேர்போ எண்டது என்ன? வெளியிலை போற புகையை மறிச்சு, "எங்கை சும்மா போறாய், இந்தக் காத்தாடியை ஒருக்காச் சுத்திப்போட்டுப் போ" எண்டு வேலை வாங்கிறது. அந்தக் காத்தாடி காத்தை எஞ்சினுக்குள்ளை அடைஞ்சு விடும். கோயில் மடத்திலை சோறு போடுறவர் மாதிரி. "போதும்" எண்டாலும் விடமாட்டார். இந்தக் கார் பாவம், தன்ரை மூச்சைத் தானே இழுத்துச் சீவிக்குது.

— தள்ளு எப்பிடி இருக்கும்? நீங்கள் ஓடியிருக்கிறியளோ?

— எங்கடை கோயில் சினேகிதன் ஞானசுந்தரத்தின்ரை டேர்போவை ஓடினனான். சிவப்புக் கார், இப்ப வித்துப்போட்டார். மிதிச்ச உடனை நெத்தியிலை கிடந்த திருநீறு பிடரிக்குப் போட்டுது. வீட்டை வந்து குளிக்கேக்கைதான் கண்டனான், மூண்டு குறியும் அச்சாப் பின்னாலை கிடக்கு.

— குங்குமம்?

— அது பின் சீற்றிலை.

— அப்ப நல்ல கார்தானே. ஏன் ஞானசுந்தரம் அண்ணை அதை வித்தவர்?

— அதை ஏன் கேக்கிறீர். முந்தின காலத்து டேர்போ. மிதிச்சாப் போலை உடனை வராது. "பொறும், வெளிக்கிட்டு வாறன்" எண்டு உள்ளுக்கை நிண்டு சட்டை மாத்தும். நேர் றோட்டிலை பறவாயில்லை, பொறுக்கலாம். ஆனா மனுசன் தன்ரை மேளின்ரை சாமத்தியவீட்டு மண்டபத்துக்குப் போறார். அவுட்டோபான் பெருந்தெருவிலை ஊன்ட்றொப் இறக்கத்துக்குக் கிட்ட ஒரு லொறியை முந்தவெண்டு மிதிச்சவர். ஒண்டும் வரேல்லை. சரி எண்டு காலை எடுத்து, சிக்னலும் போட்டு, இறங்கத் திருப்பினார். அப்பதான் முதல் மிதிச்சது வந்து சேந்துது.

— ஐயோ.

— நேரை அங்காலை பீலஃபெல்ட் பட்டணம். ஆள் அங்கை நிண்டது வேறை ஆற்றையோ கலியாண மண்டபத்துக்கு முன்னாலை. வேட்டி சால்வையோடை நிக்கிற மனுசனை ஆரும் கேள்வி கேப்பினமோ? கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையிலை இருத்திச் சாப்பாடும் போட்டிட்டினம். மொய்யும் எழுதிப்போட்டுத்தான் வந்தவர். பிறகு அந்த மாப்பிளை பொம்பிளை பிரச்சினைப்பட்டு நிக்கேக்கை, சமாதானம் பேசவும் இவரைத்தான் கூப்பிட்டவை.

— அண்ணை, நீங்கள் அளக்கிறியள். இப்பத்தைய டேர்போ அப்பிடி இல்லை. ஆயிரத்தைஞ்ஞூறு சுத்திலையே முழுப் பெலனும் வந்திடும். பிந்துறது கண் வெட்டிற நேரம்கூட இல்லை.

— அதுதான் இப்பத்தையான்ரை கரைச்சல். கீழையே எல்லாத்தையும் தந்துபோட்டால் மேலை போக உமக்கு என்ன வேலை? வீட்டுக்குப் பார்சல் வந்தமாதிரி. கதவைத் திறந்தால் மோதகம். இதெண்டால் திருவிழா வெய்யிலிலை வரிசையிலை நிண்டு, முன்னுக்கு நிக்கிறவளின்ரை குழந்தை உம்மடை காலிலை ஐஸ்கிறீமை ஊத்த, கடைசியிலை கையிலை ஒண்டு கிடைக்கும் பாரும். அதே மோதகம்தான். ஆனா அதுக்குத்தான் ருசி.

— எனக்கு வரிசை பறவாயில்லை.

— பெரிய கரைச்சல் தம்பி. ஒவ்வொரு வளைவுக்கும் கியர் மாத்த வேணும். நாலு, மூண்டு, ரெண்டு, திரும்ப மூண்டு. கிளச்சு மிதிச்சு மிதிச்சு என்ரை இடது கால் வலது காலைவிட மொத்தம். சப்பாத்து வாங்கப் போனால் ரெண்டு அளவிலை ரெண்டு சோடி எடுக்கிறன். மிச்சம் கிடக்கிற ரெண்டும் அலுமாரிக்குள்ளை. இடதும் வலதும் மாறின மனுசன் ஆரும் சந்திச்சால் சொல்லும்.

— காட்டுங்கோ பாப்பம், காலை.

— முத்தத்திலை நிண்டு வேட்டி தூக்கேலாது. பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி பூமரத்துக்குத் தண்ணி விடுறா.

— வளைவுக்குள்ளை எப்பிடி, அண்ணை?

— அதையும் சொல்ல வைக்கிறீர். வளைவுக்குள்ளை இதின்ரை காஸ் மிதியும் உம்மடை உள்ளங்காலும் ஒரே ஆள். ஒரு நூல் அமத்தினால் ஒரு நூல் கூடும். எடுத்தால் உடனை மூக்கைக் கீழை போடும். டேர்போ எண்டால் நீர் விண்ணப்பம் குடுக்கிறீர், அது பரிசீலிக்குது. இது கேக்க முதல் செய்யும். காலிலை நினைச்சால்... அட, வாயை மூடு விமலநாதா.

— மூடாதேங்கோ. கெனாவ், இதைத்தான் நான் தேடிறன். என்ரை மனுசி கிறிஸ்ரினா சொன்னவ, "பின்னாலை சாமான் வைக்க இடமுள்ள டேர்போ ஒண்டு எடுங்கோ, எங்கை பாத்தாலும் அதுதான் ஓடுது" எண்டு. நான் சொன்னன், பஸ்ஸிலை நான் சனத்தைக் கொண்டு போறன், ஒருக்காலெண்டாலும் என்னை ஆரும் கொண்டு போகட்டும் எண்டு.

— கிறிஸ்ரினாவின்ரை சொல்லைக் கேளும். பொஞ்சாதி சொல்லுறதிலை எப்பவும் ஒரு அர்த்தம் இருக்கும்.

— இதையே ஒருக்கால் யன்னலைப் பாத்துச் சத்தமாச் சொல்லுங்கோவன்.

— பேய்க்கதை கதையாதையும்.

— சரி அண்ணை. இனி ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்கோ. எங்கடை ஆக்களிட்டைக் கார் வாங்கினால் வித்தவர்தானே முதல் ஓட்டிக் காட்டிப்போட்டுத் திறப்பைக் கையிலை தாறவர். என்ரை அப்பா தன்ரை முதல் காரை நொய்கெல்னிலை வாங்கேக்கையும் அப்பிடித்தான். வித்தவர் ஓட்ட, அப்பா பக்கத்திலை இருக்க.

— இப்ப ராகுகாலம்.

— நான் வேதக்காரன், அண்ணை.

— நீர் வேதம். கார் சைவம். ஊன்ட்றொப்பிலை பூசை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு நசிச்ச கார். ராகுகாலத்திலை வெளிக்கிடாது.

— சரி, ராகுகாலம் முடியட்டும். இருப்பம்.

— முடிஞ்சாலும் எஞ்சின் எண்ணெய் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடக்கு. சூடேறாமல் இதை மேலை ஏத்தினால் எஞ்சினுக்குப் பாவம். அது மட்டும் சத்தியமான உண்மை.

— அப்ப மற்றதெல்லாம்?

— அதுகளும் சத்தியமான உண்மை. இது கொஞ்சம் கூட.

— நிண்ட நிலையிலை ஸ்டார்ட் பண்ணி எண்ணெயைச் சூடாக்குவம். திறப்பைத் தாங்கோ.

— திறப்பு ரஞ்சினியிட்டை.

— ஏன் அக்காவிட்டை?

— அது... ஒரு பாதுகாப்புக்கு. இந்தக் காரின்ரை சத்தம் லேசான சாமான் இல்லை, தம்பி. போன தேர்த் திருவிழாவுக்குக் கால்வாய்க்கு அங்காலை காருக்குள்ளை இருக்கிறன். அண்டைக்கு நாதஸ்வரக்காரரின்ரை சுருதிப்பெட்டி பழுது. தேர் நடுறோட்டிலை நிக்குது, இத்தினை ஆயிரம் சனம் வடத்தைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்குது. நான் என்ன செய்தன், சுத்துக் காட்டுற முள்ளை ஏழாயிரத்திலை ஏத்தி அங்கையே பிடிச்சன். மனுசன் காதைக் குடுத்துக் கேட்டார், கண்ணை மூடினார், வாசிக்கத் தொடங்கிப்போட்டார். தேர் இருப்புக்கு வருமட்டும் என்ரை காலிலைதான் அவற்றை சுருதி.

— பெற்றோல்?

— ரெண்டு ராங்கு முடிஞ்சுது. "சுருதி உபயம் விமலநாதன் குடும்பம்" எண்டு ஒலிபெருக்கியிலை சொன்னவை.

— கேக்கக் கேக்க ஆசைதான் கூடுது, அண்ணை. நான் வாங்கிறன்.

— என்ன?

— முடிவு எடுத்திட்டன். நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறையும் எனக்கு வேணும். தாராக் குஞ்சும் வேணும்.

— தம்பி, பொறும். இன்னும் கனக்கக் குறை கிடக்கு. மழைக்குள்ளை...

— ரஞ்சினியக்கா, நான் எடுக்கிறன்.

— நல்லது ராசா. இந்தா தேத்தண்ணி. இஞ்சருங்கோ, உங்களுக்குச் சீனி இல்லாதது. ஏன் முகம் இப்பிடி இருக்கு?

— ரஞ்சினி, ஒருக்கா யோசியும். எங்களுக்கு இந்த ஒரு கார்தானே. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யிறது?

— ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுசு நிக்கும். வியாழக்கிழமை கொண்டுவந்து விடுகினம். டேர்போ.

— டேர்போவோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.

— சொன்னால் அடுத்த நாள் கோயில் முழுக்கக் கதை போயிருக்கும், நான் ராக்கெட் வாங்கிப்போட்டன் எண்டு. எனக்கும் வயசு போகுது. எட்டாயிரம் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்ப் பெலன் கேக்க இப்ப களைக்குது. மிதிச்ச இடத்திலை வரவேணும்.

— இவ்வளவு நேரமா நான் உதைத்தானே இந்தப் பொடியனுக்குச் சொன்னனான், டேர்போதான் நல்லதெண்டு.

— அக்கா, போக முதல் ஒரு ஆசை. அண்ணை ஒரு சுத்து ஓட்டிக் காட்டட்டும். இவ்வளவு தெரிஞ்ச மனுசன் ஓடுறதைப் பக்கத்திலை இருந்து பாக்கவேணும்.

— எனக்குத் தேத்தண்ணி சூடாக் கிடக்கு.

— பென்ஜமின் தம்பி, பக்கத்து சீற்றிலை ஏறும், நான் ஓட்டிக் காட்டுறன். இவர் இந்த நாட்டிலை லைசென்ஸ் எடுத்த ஆளில்லை, நான் காரை ஸ்டார்ட் பண்ண முதலே நித்திரையாப் போயிடுவார்.