மாமாவைத் திட்டிய விமர்சனம்

பத்து காஜா நகருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அண்ணே, உங்க மாமாவத் திட்டினத மட்டும் வச்சுக்கிட்டு, மத்ததெல்லாம் எடுத்துருவோம்லா."

எஸ்டேட் மேடைகளில் பாடிய அந்த மாமாவைப் பற்றி, இருவரும் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, கோயில் திருவிழா மலர்ல எவ்ளோ புகழ்ந்திருக்கு!"

"அதெல்லாம் நீங்க எழுதினதுதானே? சொந்தக்காரங்க எழுதினது செல்லாது. வெளியாளு பேப்பர்ல எழுதினது இது ஒன்னுதான். 'தகர டப்பாக் குரல்'னு எழுதியிருக்காரு."

"இது ஒன்ன வச்சு பக்கம் நிக்குமா?"

"நிக்காது. இன்னொன்னாச்சும் வேணும். இல்லாட்டி அழிச்சிருவாங்க."

அண்ணன் ஜன்னலைப் பார்த்து யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"தெலுக் இந்தான்ல பாடினப்ப ஒருத்தரு பேப்பர்ல இதவிட கேவலமா எழுதினாரும்மா. அந்த நல்ல மனுசன் பேரு என்ன?"