சரியான விடைக்குச் சுழியம்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சின் நீளத்தை முன்பே அறிந்தவராகையால் மேசைக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்திருக்கும் துணைவேந்தர் அவர்களே. கணிதத் துறையின் தலைவர் அவர்களே. கற்பித்தே கனிந்த பெரியோர்களே. பிள்ளைகளின் வீட்டுக்கணக்கோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தாய்மார்களே. இன்று முதல் கற்பிக்கக் கற்கப்போகும் கண்மணிகளே. கதவோரம் பார்த்து, எழுந்து போக வசதியாக அமர்ந்திருக்கும் கடைசி வரிசைத் தம்பிகளே: அனைவரையும் ஒரே வணக்கத்தில் அடக்கி வணங்குகிறேன்.

நான் கணிதம் படித்தவன் அல்லன், சட்டம் படித்தவன். இப்பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டுக் குழுவுக்குத் தலைமை வகிப்பவன் என்பதைத் தவிர, இம்மேடையில் நிற்க எனக்கு வேறு தகுதி இல்லை. ஆகவே ஒரு வழக்கைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன். வாய்மொழியாக அல்ல, எழுத்தில். சிரிக்கிறீர்கள். தொழில் பழக்கம், பொறுத்தருள்க.

பள்ளி ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்காக இங்கே ஒரு கணிதப் பாடம் நடக்கிறது. அதை நடத்தும் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தப்பு மேடம்’. அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். மாணவர்கள் கற்பித்துப் பழகப் போகும் பயிற்சிப் பள்ளிகளில் குழந்தைகள் போட்ட தவறான கணக்குகளைத் திரட்டி வந்து, அவற்றையே பாடமாக வைப்பதால் வந்த பெயர் அது.

அவருடைய தேர்வுத் தாளில் ஒரு கேள்வி. ஒரு குழந்தை, முந்நூற்றைந்திலிருந்து நூற்றெழுபத்தெட்டைக் கழித்து, இருநூற்றெழுபத்துமூன்று என்று எழுதியிருக்கிறது. அதே குழந்தையிடம், நானூற்றிரண்டிலிருந்து நூற்றைம்பத்தாறைக் கழிக்கச் சொன்னால் என்ன விடை எழுதும்?

வகுப்பின் முதல் மாணவி, நுண்கணிதத்தில் பதக்கம் பெற்றவர், எழுதிய விடை: இருநூற்று நாற்பத்தாறு. கணக்கின்படி அப்பழுக்கற்ற விடை. கிடைத்த மதிப்பெண்: சுழியம். அந்தக் கேள்வியில் தேறாமல் தாளில் தேற முடியாது என்பது விதி; அந்தச் சுழியத்தால் அந்தத் தாளே தோல்வி. ஓர் அரசுப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் பணி உறுதியாகியிருந்தது. தேர்ச்சிச் சான்று காட்டாவிட்டால் அந்த ஆண்டு அது கைநழுவிப் போகும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத நிலை. மேல்முறையீடு செய்தார்.

விசாரணை அறையில் நீண்ட மேசை, ஒரு கரும்பலகை, சத்தத்துக்குக் குறைவில்லாத ஒரு மின்விசிறி. மகளோடு தந்தையும் வந்தார், பேருந்து ஓட்டுநர், பணிச் சீருடையிலேயே வந்திருந்தார்.

“சார், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. என் பொண்ணு எழுதினது சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க.”

“சரிதான்” என்றார் பேராசிரியை.

“அப்போ எதுக்கும்மா சைபர்?”

“நான் கேட்டது குழந்தையோட விடையை, அண்ணே. இவங்க எழுதினது இவங்களோட விடையை.”

“நல்லா இருக்கே நியாயம். பொண்ணைப் படிக்க வெச்சதே சரியா எழுதத்தானே? தப்பா எழுதறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாமே. அதுக்கு ஃபீஸ் வேற.”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன் என்று ஆணையில் பதிவாகவில்லை, ஆனால் அடக்கினேன்.

மாணவியும் பேசினார். “சார், குழந்தை ஏதோ அவசரத்துல எழுதியிருக்கு. அது அடுத்து என்ன உளறும்னு எனக்கு எப்படித் தெரியும்? கழித்தல் கணக்கெல்லாம் பல்கலைக்கழகத்துல ஒரு பாடமா?”

கேள்வி நியாயமானதுதானே? உயர்கணிதத்தின் உச்சியைத் தொட்டவரை, ஒன்றுகள் இடத்துக்கும் பத்துகள் இடத்துக்கும் இழுத்து வரலாமா? மலையேறியவரைப் படியேறச் சொல்லலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒருதரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எனக்கில்லை. பேராசிரியையிடம் விளக்கம் கேட்டேன். அவர் எழுந்தார். குழந்தையின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். சுண்ணக்கட்டியை மாணவியிடம் நீட்டினார்.

“அவசரம்னு சொன்னீங்க இல்ல? எங்க அவசரப்பட்டிருக்குன்னு காட்டுங்கம்மா.”

மாணவி பலகை முன் நின்றார். மூன்றில் ஒன்று போக இரண்டு, அது சரி. நடுவில் சுழியமும் ஏழும். குழந்தை ஏழு என்று எழுதியிருக்கிறது. கடைசியில் ஐந்தும் எட்டும். மூன்று என்று எழுதியிருக்கிறது. பிறகு, யாரும் கேட்காமலே, நானூற்றிரண்டையும் நூற்றைம்பத்தாறையும் எழுதி, அடியில் விடை எழுதினார்: முந்நூற்றைம்பத்துநான்கு.

“அவசரம் இல்ல மேடம்” என்றார். “ஒவ்வொரு இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணைக் கழிச்சிருக்கு. மேல இருக்கா, கீழ இருக்கான்னு பார்க்கல. அவ்வளவுதான்.”

“அப்படிச் செய்யணும்னு அதுக்கு யாரு சொன்னாங்க?”

மாணவி சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்தார். பதில் சொன்னபோது அவர் குரல் தணிந்திருந்தது. “நாங்கதான். ‘பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்’னு வகுப்புல நானே சொல்லியிருக்கேன். நான் போன பயிற்சிப் பள்ளியில ஒரு பொண்ணு, பக்கம் முழுக்க இதே மாதிரி போட்டிருந்தா. பக்கம் முழுக்கத் தப்புன்னு கோடு போட்டேன். கீழ ‘கவனக்குறைவு’ன்னு எழுதினேன்.” பலகையைத் திரும்பிப் பார்த்தார். “அந்த வகுப்புலயே அவதான் மேடம், நான் சொன்னதைக் கவனிச்சுக் கேட்டவ.”

அவையோரே, சட்டத்தில் ஒரு பால பாடம் உண்டு: எதிர்த்தரப்பைக் கேளாமல் தீர்ப்பு எழுதாதே. கொலைக் குற்றவாளிக்கும் அந்த உரிமை உண்டு. திருடனுக்கு உண்டு; தெருவில் வண்டியைத் தவறாக நிறுத்தியவருக்கும் உண்டு. தவறாகக் கழித்த ஏழு வயதுக் குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை? விசாரணை இல்லை, வாக்குமூலம் இல்லை, வாதம் இல்லை. ஒரே ஒரு சிவப்புக் கோடு. தீர்ப்பு முடிந்தது, தண்டனையும் முடிந்தது, “எனக்குக் கணக்கு வராது” என்று அந்தக் குழந்தை தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் ஆயுள் தண்டனை.

முன்வரிசையில் ஓர் அம்மா தலையசைக்கிறார். வீட்டிலும் இந்த நீதிமன்றம் நடக்கிறது என்று பொருள் கொள்கிறேன்.

மாணவி, மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். தந்தை துடித்துப் போனார். “வேலை போயிடும்மா. சும்மா இரு.” அவசரத்தில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதால், வெளியே சென்று இருவரும் பேசி வரும்படி சொன்னேன். தாழ்வாரத்தில் அவர்கள் பேசியது உள்ளே கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, ஓட்டுநரின் குரல் அப்படி.

“ஒரு வருஷம் காத்திருக்கணும்டா. யோசிச்சியா?”

“யோசிச்சேன்பா. நீங்க புதுசா ஒருத்தருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறப்ப, வண்டி சுவத்துல இடிச்சா என்ன கேப்பீங்க?”

“எங்கடா பார்த்தேன்னு கேப்பேன்.”

“நான் அதைக்கூடக் கேக்கலப்பா.”

கதவு திறந்தது. “வாபஸ், சார்” என்றார் தந்தை. “எனக்குச் சம்மதம் இல்ல. ஆனா அவ சொல்றது புரியுது. ரெண்டையும் எழுதிக்கோங்க.” இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

வேலை போயிற்று. அதை நான் மறைக்க மாட்டேன். உண்மைக்கு விலை உண்டு, அதை அந்தப் பெண் கொடுத்தார். மறுதேர்வு எழுதித் தேறினார். அடுத்த ஆண்டு பணியில் சேர்ந்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிச் சென்று, அந்தச் சிறுமியின் பக்கத்தில் அமர்ந்து, “இதை எப்படிம்மா போட்டே?” என்று கேட்டிருக்கிறார். சிறுமி பெருமையோடு ஒவ்வொரு படியாக விளக்கினாளாம். நடுவில் தானே நின்று, “மிஸ், கையில ரெண்டு மிட்டாய்தான் இருக்குன்னா ஆறு எப்படிக் குடுக்கறது?” என்றாளாம். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்கியது.

கண்மணிகளே, இங்கே உங்களுக்குக் கழித்தலைக் கற்றுத்தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாதவரின் கண்ணால் பார்க்கக் கற்றுத்தரப் போகிறார்கள். அது நுண்கணிதத்தைவிட எளிது என்று யாராவது சொன்னால், ஆதாரம் கேளுங்கள். விடையைத் திருத்துவது விரல் வேலை. விடைக்குப் பின்னால் உள்ள வழியைத் தேடுவதே ஆசிரியர் வேலை. சிவப்புப் பேனாவைத் திறக்கும் முன் வாயைத் திறந்து கேளுங்கள்: “எப்படிம்மா போட்டே?”

அந்த ஆசிரியை இன்று வரவில்லை. வகுப்பை விட்டுவிட்டு வர மனமில்லை என்று சொல்லியனுப்பினார். அவர் தந்தை மூன்றாம் வரிசையில், அதே சீருடையில் இருக்கிறார். அவரைப் பார்த்துக் கைதட்ட வேண்டாம். அந்த ஓராண்டுக்காக என்மீது இன்னும் சிறிது வருத்தத்தில் இருக்கிறார். அந்த வருத்தமும் பதிவில் இருக்கட்டும்.

கடிகாரம் என்னைப் பார்க்கிறது. பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், கடைசிவரை எழுந்து போகாத கதவோரத் தம்பிகளுக்கும் நன்றி கூறி, உங்கள் வகுப்பறைகளில் நாளை வரப்போகும் தவறான விடைகள் அனைத்துக்கும் முன்கூட்டியே ஒரு வணக்கம் வைத்து, விடைபெறுகிறேன்.