வல்லரசு இருக்கிற ஊரு

இல்ல அண்ணி, ஆம்பளைங்க அதுக்குள்ள வந்துட மாட்டாங்க. கீழ்பென்னாத்தூர் பக்கந்தான்னாலும் இந்த மழையில வண்டி ஊர்ந்துதான் வரணும். பூசாரி வேற கோயில் சாவிய எங்கனா வச்சிட்டு தேடிக்கினு இருப்பாரு. எங்க கொலசாமிகிட்ட பூ கேக்கறதுன்னா சும்மா இல்ல. வெள்ளப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனியா பொட்டலம் கட்டி சாமி கால்ல போட்டு, ஒரு கொழந்தையக் கூப்புட்டு எடுக்கச் சொல்வாங்க. வெள்ள வந்தா உங்க பொண்ணு நந்தினி எங்க புள்ள வல்லரசுக்கு. செவப்பு வந்தா அவங்கவங்க வழியப் பாத்துக்க வேண்டியதுதான். எங்க வூட்டுக்காரரு செவப்பு வரும்னு நெனைக்கவே இல்ல. ஆம்பளைங்க திரும்பி வந்த ஒடனே தட்டு மாத்திடணும்னு நேத்தே பழம், வெத்தல பாக்கு எல்லாம் வாங்கி அடுக்கிட்டாரு. தோ, அங்க இருக்குது பாருங்க. நீங்க சாஞ்சி உக்காருங்க. போளூர்லர்ந்து பஸ்ல வந்தது இடுப்பு புடிச்சிருக்கும்.

வல்லரசு இருக்கற ஊரப் பத்தியா? கேளுங்க, அதுல இன்னா இருக்குது. பொண்ணக் குடுக்கறவங்க கேக்காம வேற யாரு கேப்பாங்க. இந்த வூட்ல அந்த ஊரப் பாத்தவ நான் ஒருத்திதான். நாலு மாசம் இருந்துட்டு வந்தேன். அவரு வரல. மல்லாட்ட அறுவட சீசன்ல மண்டிய வுட்டுட்டு எப்பிடி வர்றதுன்னுட்டாரு.

பேரு என் வாயில நொழையாது. கனடாவுல மேக்கால இருக்குது. ஊருன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. நம்ம வேங்கிக்கால்ல பாதிகூட வராது. ஒரு ரோடு, ரெண்டு பக்கமும் கட, ரோடு முடியற எடத்துல மரம் அறுக்கற மில்லு. அந்த மில்லுலதான் இவனுக்கு வேல. மெஷினு எதனா நின்னுட்டா கம்ப்யூட்டர்ல பாத்து சரி பண்றது. நல்ல சம்பளம். குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது. பெத்தவளே சொல்றாளேன்னு பாக்காதீங்க, அதுல பொய் இல்ல.

மழையா? அத ஏன் கேக்கறீங்க. நம்ம ஊர்ல மழ வந்தா இடி, மின்னல், கரண்ட் கட்டுன்னு சொல்லிட்டு வரும், ரெண்டு நாள்ல பூடும். அங்க மழ சிணுங்கற கொழந்த மாதிரி. அழவும் அழாது, நிறுத்தவும் நிறுத்தாது. காலையில எழுந்து ஜன்னலத் தொறந்தா அதே மழ, ராத்திரி சாத்தறப்பவும் அதே மழ. கூரையில பாசி, சுவத்துல பாசி. கார ரெண்டு வாரம் எடுக்கலன்னா அது மேலயும் பாசி. நான் கொண்டு போன அப்பளம் எல்லாம் நமுத்துப் போச்சு. வத்தல் காயப் போட வெயிலு வருமா வருமான்னு பாத்துப் பாத்து எனக்கு கண்ணு பூத்துப் போச்சு. எந்நேரமும் அறுத்த மரத்து வாசன. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் அந்த வாசனையே சோறு மேலயும் அடிக்கற மாதிரி ஆயிடுச்சு.

சுத்திப் பாக்க எடம் இல்லாம இல்ல. நந்தினிக்கு போட்டோ எடுக்கப் புடிக்கும்னீங்களே, எடுத்துக்கலாம். ஒரு மியூசியம் இருக்குது. டிக்கெட்டு வாங்கினு உள்ள போனா முழுக்க ரம்பம். சின்ன ரம்பம், பெரிய ரம்பம், ரெண்டு ஆளு நின்னு இழுக்கற ரம்பம். கோடாலிய கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சி லைட்டு போட்டிருக்கான். எங்க அப்பா வூட்டு மாட்டுக் கொட்டாயில இத வுட நல்ல கோடாலி கெடந்துது, எவனும் வந்து பாத்ததில்லன்னு சொன்னேன். கூட வந்த பொண்ணு அப்பிடி சிரிச்சிது, நான் சொன்னதுல அதுக்கு இன்னா புரிஞ்சிதுன்னு தெரியல.

அப்புறம் ஒரு அருவி. அதுல மீனுங்க கீழேர்ந்து மேல ஏறும். ஆமாங்க, தண்ணி கீழ வரும், மீனு மேல போவும். எகிறும், வுழும், மறுபடி எகிறும். மேல போயி முட்ட வச்சிட்டு செத்துப் போயிடுமாம். அத பாக்க அந்த ஊர்க்காரங்க குட புடிச்சிக்கினு நிப்பாங்க. எனக்கு பாக்க முடியல, கார்ல போய் உக்காந்துட்டேன். வருசத்துல ஒரு நாளு திருவிழா மாதிரி. ஆத்துல மரத்த மெதக்கவுட்டு அது மேல ரெண்டு ஆளு ஏறி நின்னு காலாலயே உருட்டுவாங்க. யாரு மொதல்ல தண்ணியில வுழறானோ அவன் தோத்தான். இதுக்கு பேண்டு வாத்தியம், பரிசு, சாப்பாட்டுக் கட.

யாரு கூட்டிட்டுப் போனாங்களா? ஒரு பொண்ணு அண்ணி. அங்கத்திப் பொண்ணு. கார் ஓட்டும். வல்லரசுக்கு நைட் ஷிஃப்ட்டு, பகல்ல தூங்கணும், அவன் எங்க வருவான். காபி ஆறுது பாருங்க, குடிங்க. சக்கர கம்மியா இருந்தா சொல்லுங்க.

இங்க எல்லாம் பாத்துட்டீங்களா, இல்ல அண்ணாமலையார் கோயிலோட சரியா? கல்யாணம் கூடி வந்தா அடிக்கடி வருவீங்க, அப்ப ஆசிரமம் பக்கம் எல்லாம் போவலாம். செங்கம் ரோட்ல இப்ப எந்தத் தெருவுல பாத்தாலும் ரூம் வாடகைக்குன்னு போர்டு. வெள்ளக்காரங்க மாசக்கணக்கா வந்து கெடக்கறாங்க. செருப்பு இல்லாம, தலைய விரிச்சிப் போட்டுக்கினு, மழன்னும் பாக்காம மலைய சுத்தறாங்க. நாம எதனா கேக்கறமா? சுத்தட்டும், புண்ணியம்னு ஓரமா ஒதுங்கி வழி வுடறோம். அதயே நான் அவங்க ஊர்ல பண்ணேன், போலீஸ் வந்துட்டான்.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். அந்த ஊருக்கு நடுவுல ஒரே ஒரு மரத்த மட்டும் வெட்டாம வுட்டு வச்சிருக்காங்க. மத்த எல்லாத்தயும் அந்தக் காலத்துலயே வெட்டி வித்துட்டு, இத மட்டும் வர்றவங்க பாக்கட்டும்னு கம்பி கட்டி வச்சிருக்கான். எவ்ளோ பெருசுன்னா, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். சுத்திலும் பாதை போட்டு பெஞ்சு போட்டிருக்கான். எனக்கு அங்க கோயிலும் இல்ல, மலையும் இல்ல. கல்யாணம் ஆனதுலர்ந்து நான் பௌர்ணமிக்கு மலை சுத்தறத தவறவுட்டதில்ல. ஒரு பௌர்ணமி அன்னிக்கு, விடிஞ்சும் விடியாம எழுந்து தலைக்கு ஊத்திக்கினு, செருப்ப பெஞ்சு கீழ வச்சிட்டு, அந்த மரத்தயே அண்ணாமலையா நெனச்சு சுத்த ஆரம்பிச்சேன். மழ பெய்யுது. பொடவ நனஞ்சி கால்ல ஒட்டுது. கை கூப்பிக்கினு அருணாசலா அருணாசலான்னு சொல்லிக்கினே போறேன். நல்லா இருந்துச்சு அண்ணி. அந்த ஊருக்குப் போய் அன்னிக்குத்தான் மனசு கொஞ்சம் நெறஞ்சிது.

நாய் கூட்டினு வந்த பொம்பள ஒருத்தி பாத்துட்டு போன் போட்டுட்டா. வயசான அம்மா வழி தெரியாம வந்த எடத்தயே சுத்திக்கினு இருக்குதுன்னு சொல்லியிருப்பா போல. வேற இன்னா நெனைப்பா பாவம். வண்டி வந்துது. போலீஸ்காரன் நல்லவன், கம்பளி குடுத்து போத்தி உள்ள உக்கார வச்சான். நான் சொல்றது அவனுக்குப் புரியல, அவன் சொல்றது எனக்குப் புரியல. போன்ல இருந்த வல்லரசு போட்டோவக் காட்டினேன். பாத்த ஒடனே அவன் மூஞ்சி மலந்து போச்சு. ஓ ஓன்னு தலையாட்டினான். சின்ன ஊருதானே, ஒருத்தன் வூட்ல இன்னா கொழம்புன்னு இன்னொருத்தனுக்குத் தெரியும்.

இருங்க, போன் அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க... ஆங்... அப்பிடியா. சரி... சரி. பாத்து வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

வெள்ளப் பூ வந்துடுச்சாம். உங்க வூட்டுக்காரருக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சுன்னாரு. கெளம்பிட்டாங்களாம். தை மாசமே முகூர்த்தம் பாத்துடலாம், விசா வர்ற வரைக்கும் ஆறு மாசம் பொண்ணு இங்க நம்மகூட இருக்கட்டும்னு வண்டியிலயே பேச்சு ஓடுது. நந்தினி அப்பா தருமன் அண்ணன் எல்லாத்துக்கும் சரி சரின்றாராம்.

நல்லவரு அண்ணன். பாத்தாலே தெரியுது. எம்பொண்ணுக்கு சத்தம் போட்டு பேசக்கூட வராதுன்னு காலையில சொன்னாரே, அது எனக்கு காதுலயே நிக்குது.

இன்னா கேட்டீங்க? போலீஸ்காரன் எங்க கொண்டு போய் வுட்டானா? வல்லரசு வூட்லதான் வுட்டான். வேற எங்க வுடுவான்.

இல்ல அண்ணி, நான் தங்கி இருந்த வூடு இல்ல அது. நான் இருந்தது ஒரு மாடி. புது சட்டி, புது கரண்டி, அதுல ஒட்டின சீட்டுகூட கிழிக்காம இருந்துச்சு. பீரோவத் தொறந்தா அவன் சட்ட நாலுதான். புள்ள சிக்கனமா இருக்கறான்னு நெனச்சேன். சாயங்காலம் ஆனா நைட் ஷிஃப்ட்டுன்னு கெளம்பிடுவான், விடிஞ்சி வருவான். போலீஸ்காரன் வண்டிய நிறுத்தின வூடு வேற. வாசல்ல சின்ன சைக்கிளு. கதவத் தொறந்தது, கார் ஓட்டும்னு சொன்னனே, அந்தப் பொண்ணு. இடுப்புல கொழந்த. பின்னாடியே பனியனோட வல்லரசு வந்து நின்னான். நைட் ஷிஃப்ட்டு எல்லாம் ஒண்ணும் கெடையாது. நான் வர்றேன்னு அந்த மாடிய வாடகைக்குப் புடிச்சிருக்கான்.

அங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கினு நாலு வருசம் ஆச்சாம். அதுக்கு அப்புறம்தான் அந்தப் பொண்ணு என்ன ரம்பம் காட்டவும் மீனு காட்டவும் கூட்டினு போச்சு. எங்கிட்ட அதுக்கு இன்னா கோவம் இருக்க முடியும். கொழந்தைய என் மடியில வச்சிட்டு அது பாட்டுக்கு கார் ஓட்டும். கொழந்த பேரு அருணாதேவி. எங்க வூட்டுக்காரரப் பெத்த அம்மா பேரு அது. பேரு வைக்க மட்டும் தைரியம் இருந்துச்சு, சொல்ல இல்ல. சொல்லத்தான் என்ன கூட்டினு போயிருக்கான், நான் கெளம்பற நாளு நெருங்கினதும் வாய் வரல.

அவருக்கா? தெரியும். வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். அம்மா பேரக் கேட்டதும் எழுந்து வந்து கொழந்த போட்டோவக் கேப்பாருன்னு நெனச்சேன். மறுநாளு தரகர வரச் சொல்லிட்டாரு. நம்ம பொண்ணு ஒண்ணக் கட்டி வச்சா எல்லாம் சரியாப் பூடும், அது அங்க எவளோன்னாரு. வல்லரசுக்கு போன் போட்டேன். அப்பா இஷ்டம்மான்றான். நான் பெத்தது அப்பிடி. இந்த வூட்ல சாமி முதல்கொண்டு எல்லாரும் சரின்னுட்டாங்க, நான் ஒருத்தி சொன்னா எடுபடுமா?

அழாதீங்க. மூஞ்சிய தொடைங்க, அவங்க வந்து பாத்தா என்னத்தான் கேப்பாங்க. ஊர்ல போய் அண்ணன்கிட்ட எல்லாத்தயும் சொல்லுங்க, இங்க வேணாம். இங்க வச்சி சொன்னா ரெண்டு ஆம்பளைங்களும் அடிச்சிக்குவாங்க, நாளைக்கு நந்தினி பேருதான் கெட்டுப் போவும். நிச்சயம் ஆயி நின்னு போச்சுன்னு ஒரு சொல்லு அந்தப் பொண்ணு மேல வரக்கூடாது. தட்டத் தொடாதீங்க, அது போதும்.

மழ வுட்டுடுச்சு. கேட்டத் தொறக்கறாரு, சத்தம் கேக்குதா. இன்னா காரணம் சொல்றதுன்னு யோசிக்காதீங்க. மாமியாக்காரி வந்த நேரத்துலர்ந்து வாய மூடல, ஆறு மாசம் இவகிட்ட எம்பொண்ணு குப்ப கொட்ட முடியாதுன்னு சொல்லிட்டு கெளம்புங்க. எங்க வூட்டுக்காரரு அத மட்டும் மறுபேச்சு இல்லாம நம்புவாரு.